கதைக்குப் படம் வரைகிறவர்கள் இன்னும் ஏன் மையையும் தாளையும் விடவில்லை?

கரிக்கோல்

சிறுவர் நூல்களுக்கும் சில மாத இதழ்களுக்கும் படம் வரைவது என் தொழில். ஊர் மதுரை, வேலை சென்னையில். இந்த இணைய மன்றத்தின் இன்னோர் இழையில் நண்பர் ஒருவர், கையால் வரைவது வெறும் பிடிவாதம் என்று எழுதியிருந்தார். அங்கே பேச்சு வேறு எதையோ பற்றியது என்பதால் இங்கே தனியாக எழுதுகிறேன்.

என் வேலைநாளை மைதான் தீர்மானிக்கிறது. காலை வெளிச்சம் இடப்பக்கச் சன்னல் வழியாக மேசையில் விழும் நேரமே மைக்கோடு போடுகிற நேரம். வலக்கைக்காரர்களுக்கு வெளிச்சம் இடமிருந்து வரவேண்டும். இல்லாவிட்டால் கையின் நிழல் நிப்பின் முனைமேலேயே விழுந்து, போடுகிற கோட்டை மறைத்துவிடும். அந்த நேரத்தில் கைப்பேசி பக்கத்து அறையில் கிடக்கும். மதியத்துக்கு மேல் கண் அசந்துவிடும். அப்போது கதை படிப்பது, பென்சில் போடுவது, தாளைப் பலகையில் ஒட்டுவது. மாலையில் பதிப்பகத்தாரிடம் பேசுவதும் வரவேண்டிய பணத்தை நினைவூட்டுவதும். இந்தக் கடைசி வேலை எவ்வளவு நேரத்தைத் தின்னும் என்பது துறையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

கதை வந்ததும் வரைய உட்காருவதில்லை. இப்போது மேசையில் இருக்கும் கதையில் ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்து அரிசி புடைக்கிறாள். எழுத்தாளருக்கு அது ஒரு வரி. எனக்கு அரை நாள் வேலை. முறத்தின் திறந்த அகன்ற பக்கம் அவளுக்கு எதிர்ப்புறமாக இருக்கவேண்டும். விளிம்பு உயர்ந்த பக்கம் வயிற்றோரம். முழங்கை உடம்பை ஒட்டியிருக்கும், அசைவு முழுவதும் மணிக்கட்டில். ஒரு கால் மடங்கியும் ஒரு கால் நீண்டும் இருக்கும். கண்டாங்கியைப் பின்கொசுவம் வைத்துக் கட்டியிருந்தால் மடிப்புகள் இடுப்புக்குப் பின்னால் விரியும். முன்பக்கம் மடிப்பே இராது. இணையத்தில் தேடினால் கிடைக்கிற படங்களில் பெரும்பாலும் நகரத்துக் கட்டுதான். மேலூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் அப்பத்தாவைப் புடைக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து வரைந்த நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் முகமே இல்லை. மணிக்கட்டும் முதுகு வளைவும் மட்டும் பக்கம் பக்கமாக.

இனி மைக்கு வருகிறேன். பென்சிலை எத்தனை முறை வேண்டுமானாலும் அழிக்கலாம். நிப்பில் அது நடக்காது. அழுத்தினால் நிப்பின் இரண்டு நாக்குகளும் விலகிக் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும். தன் பக்கமாக இழுக்கலாம். எதிர்ப்புறம் தள்ளினால் தாளில் குத்தி மை தெறிக்கும். ஆகவே தாளைத் திருப்பித் திருப்பி வைத்து, எந்தக் கோட்டை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று முன்பே தீர்மானித்தாக வேண்டும். காதோரம் தொடங்கி மோவாய்க்கு இறங்கும் தாடைக் கோட்டை நடுவில் நிறுத்தினால், நிறுத்திய இடம் கடைசிவரை தெரியும். திரையில் அதே கோட்டை வேண்டிய மட்டும் போட்டுப் பார்த்து நல்லதை வைத்துக்கொள்ளலாம். அப்படித் தேர்ந்தெடுத்த கோடு சுத்தமாக இருக்கும். ஆனால் அந்தப் பாட்டியை நான் முழுதாகப் பார்த்துவிட்டேனா? மை இந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டுவிடுகிறது. பதில் இல்லாமல் நிப்பைத் தாளில் வைக்க முடியாது. நான் கையால் வரைவதற்குக் காரணம் இதுவே. பழமைப் பற்று என்று இதைச் சொல்லிவிடாதீர்கள்.

மற்றவர்கள் எப்படி வேலை செய்கிறீர்கள்?

திரைத்தூரிகை

அக்கா, உங்கள் கோட்டின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் மறுத்துப் பேசியே ஆகவேண்டும். நான் கோவையில் இருந்து டேப்லெட்டில் மட்டுமே வரைகிறேன். நான் வரைவதும் கையால்தான். பேனாவின் அழுத்தத்தைத் திரை உணர்கிறது, மணிக்கட்டு அதே மணிக்கட்டு, ஓவியக் கல்லூரியில் கற்ற உடலமைப்பும் அதே உடலமைப்பு. 'கையால் வரைவது' என்று ஒரு பக்கத்தாருக்கு மட்டும் பட்டம் கொடுப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அடுத்தது இடம். ஒரே அறையும் சமையற்கட்டும் உள்ள வீட்டில், இரண்டு சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு, ஈரமான நீர்வண்ணத் தாளை எங்கே காயவைப்பது? மின்விசிறியைப் போட்டால் தாள் பறக்கும். நிறுத்தினால் வியர்வை தாளில் சொட்டும். டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தைகள் தூங்கிய பிறகு விளக்கை அணைத்துவிட்டுக்கூட வரையலாம். என் வேலையில் பாதி அப்படி நடந்ததுதான்.

மூன்றாவது திருத்தம். "நாயை இடப்பக்கம் நகர்த்துங்கள்", "பையனின் சட்டை மஞ்சளாக இருந்தால் நன்றாக இருக்கும்" என்று அச்சுக்குப் போகும் நாளில் கேட்கிறார்கள். நாயும் சட்டையும் தனித்தனி லேயரில், அதாவது கோப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படலங்களில், இருந்தால் சில நிமிட வேலை. தாளில் என்ன செய்வீர்கள்?

பழைய பத்திரிகை ஓவியர்களும் தங்கள் காலத்தில் கிடைத்த எல்லா வசதிகளையும் பயன்படுத்தியவர்கள்தாம். வெள்ளை போஸ்டர் கலரால் பிழை மறைத்தார்கள், பிளேடால் சுரண்டினார்கள், வெட்டி ஒட்டினார்கள், கண்ணாடிக்குக் கீழே விளக்கு வைத்துப் பிரதி எடுத்தார்கள். டேப்லெட் கிடைத்திருந்தால் அதையும் எடுத்திருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

அச்சுமை

சிவகாசியில் அச்சுக்கு முந்தைய வேலைகளைப் பார்க்கிறேன். அச்சுத் தகடு செய்யப் படத்தை ஃபிலிமில் எடுத்த காலத்தில் தொழிலுக்கு வந்தவன். அதற்கு முன்பு, உலோகத் தகட்டில் அரித்தெடுத்த பிளாக்கால் படம் அச்சிட்ட காலத்தை எங்கள் ஐயாவிடம் கேட்டு அறிந்தேன். ஓவியர்கள் பேசும்போது அச்சு விட்டுப்போகிறது என்பதால் எழுதுகிறேன்.

பழைய வார இதழ்களின் கோட்டழகைப் பற்றிப் பேசுகிறோம். அந்தக் கோடு அப்படி அமைந்ததற்குத் துத்தநாகத் தகடும் ஒரு காரணம். ஓவியத்தைப் புகைப்படமெடுத்து, அதைத் தகட்டில் பதித்து, அமிலத்தில் போடுவார்கள். கோடு இல்லாத இடங்களை அமிலம் அரித்துக் குழியாக்கும். கோடு மேடாக நிற்கும். மெல்லிய கோட்டின் பக்கவாட்டையும் அமிலம் அரித்துவிடுவதால் மயிரிழைக் கோடுகள் அறுந்துபோகும். நெருக்கமாகக் குறுக்குக் கோடு போட்டால் இடைவெளியில் மை அடைத்துக் கறுப்புத் திட்டாகிவிடும். அடியில் இருப்பதோ மை உறிஞ்சும் செய்தித்தாள் காகிதம். இத்தனையையும் மனத்தில் வைத்து, எங்கே வெள்ளையை விடுவது, எங்கே கறுப்பை நிரப்புவது என்று வரைந்தார்கள். விகடன் ஓவியர் கோபுலுவின் படத்தில் ஒரு கும்பல் நிற்கும். ஆனாலும் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தெரிவார்கள். அச்சு எதைத் தாங்கும் என்பது அவர் கைக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்து நாள்காட்டிப் படங்களும் தாளில் தீட்டியவைதாம். கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் தீட்டிய முருகனும் லட்சுமியும் சிவகாசியில் அச்சாகித் தென்னாட்டு வீடுகளின் சுவரெங்கும் தொங்கின.

இன்றைக்கு வருவோம். கையால் வரைந்து அனுப்புகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கோட்டை ஒரு தாளிலும் வண்ணத்தை இன்னொரு தாளிலும் கொடுங்கள். எல்லாம் ஒரே தாளில் இருந்தால் ஸ்கேன் செய்யும்போது கறுப்புக் கோடும் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று அச்சின் நான்கு நிறங்களாகப் பிரிந்துவிடும். நிறத்துக்கு ஒன்றாக உள்ள அச்சுத் தகடுகளில் ஒன்று மயிரளவு விலகினாலும் கோட்டின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் எட்டிப் பார்க்கும். முகத்தின் தெளிவு போய்விடும். கோடு தனியாக இருந்தால் அங்குலத்துக்கு 1200 புள்ளி அடர்த்தியில் வெறும் கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்து, கறுப்புத் தகட்டில் மட்டும் வைத்துவிடுவேன். வண்ணத் தாளுக்கு 300 அல்லது 400 போதும். மைக்கோட்டுத் தாளை, கீழிருந்து வெளிச்சம் தரும் லைட் பாக்ஸின் மேல் வைத்து, அதன்மேல் போட்ட இன்னொரு தாளில் வண்ணம் தீட்டுவது கூடுதல் வேலைதான். ஆனால் பலன் அச்சில் தெரியும்.

இன்னொன்று, மலிவான ஸ்கேனர்களில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தால்தான் படம் தெளியும். நீர்வண்ணத் தாள் அலையடித்து வளைந்திருந்தால் வளைந்த இடம் மங்கும். இளம் வண்ணப் பூச்சுகள் முதலில் காணாமற்போகும். அல்ட்ராமரைன் நீலம் நான்கு நிற அச்சில் ஊதாப் பக்கம் சாயும். ஓவியர் தாளில் பார்த்த வானத்தைப் புத்தகத்தில் எதிர்பார்த்து வருந்துகிறார். ப்ரூஃப் என்கிற சோதனை அச்சு எடுக்கும்போது ஓவியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதி வருத்தம் தீரும்.

பைண்டுத்தொகுப்பு

நான் ஓவியர் இல்லை, வாசகி. திருச்சி. எங்கள் வீட்டில் தொடர்கதைப் பக்கங்களை வாரம் தவறாமல் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் கெட்டி அட்டை போட்டு பைண்டு செய்து வைப்பார்கள். எத்தனையோ தமிழ் வீடுகளில் இது நடந்தது. என் பாட்டி வைத்திருந்த 'பொன்னியின் செல்வன்' தொகுப்பு 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த பக்கங்கள். அதில் மணியம் வரைந்த வந்தியத்தேவன்தான் எனக்கு இன்றுவரை வந்தியத்தேவன். பின்னால் அதே கதை மறுபடி வந்தபோது வினுவும் பத்மவாசனும் வரைந்தார்கள். அழகான படங்கள். ஆனாலும் முதலில் பார்த்த முகம் மனத்தை விட்டு அகலவில்லை.

பாட்டி கதையை மட்டும் சேர்த்துவைக்கவில்லை என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். பக்கத்தைக் கிழிக்கும்போது படம் கிழிபடாமல் இருக்கத் தையல் கம்பியை முதலில் கத்தியால் நிமிர்த்தி எடுப்பார். படத்துக்காகக் காத்திருந்த வாசகர்கள் இருந்தார்கள்.

கேள்வி இதுதான். அந்த மூலப் படங்களெல்லாம் எங்கே? அச்சான பிறகு ஓவியரிடம் திரும்பி வருமா? இப்போது வருகிறதா?

பழைய மாணவர்

எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்தவன், இப்போது பள்ளி ஓவிய ஆசிரியர். 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய பள்ளி அது. அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தனின் முதுகில் வேதாளத்தை ஏற்றிய சங்கர் அங்கே படித்தவர். 1950களின் தொடக்கத்தில் அம்புலிமாமாவில் சேர்ந்தவர், தொண்ணூறை நெருங்கும் வயது வரை அதற்காக வரைந்தார். 2020-இல் மறைந்தார், அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. வாளை ஓங்கியபடி தோளில் பிணத்தோடு நடக்கும் அந்த அரசனின் கால் வைப்பைப் பாருங்கள். சுமையின் எடை முழுவதும் முன்காலில் இறங்கியிருக்கும். என் மாணவர்களை அந்தக் காலை மட்டும் வரையச் சொல்வதுண்டு.

கரிக்கோல் சொன்ன 'முழுதாகப் பார்த்தல்' என்பதற்கு என் மனத்தில் வருகிறவர் சில்பி. விகடனுக்காகக் கோயில் கோயிலாகப் போய், சிற்பத்துக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்தவர். அந்தப் படங்களில் ஆபரணத்தின் ஒவ்வொரு மணியும் இருக்கும். ஆனாலும் கல்லின் கனம் குறையாது. கருங்கல் மண்டபத்தில் வெளிச்சம் குறைவு, அதுவும் நகர்ந்துகொண்டே இருக்கும். மேல்கையின் நிழலைப் போடுவதற்குள் முகத்தின் நிழல் இடம் மாறிவிடும். எந்த நேரத்து நிழலை வைத்துக்கொள்வது என்று ஓவியர் ஒரு முடிவுக்கு வரவேண்டும். புகைப்படத்தில் அந்த முடிவைக் கேமரா எடுக்கிறது.

அதற்காகக் கையோவியம் என்றாலே நுணுக்கம் என்று யாரும் நினைக்கவேண்டாம். ஆதிமூலம் 1969-இல் காந்தி நூற்றாண்டை ஒட்டிக் காந்தியைக் கறுப்பு வெள்ளைக் கோடுகளால் வரிசையாக வரைந்தார். விடுபட்ட கோடுகள்தாம் அவற்றில் பேசும். ஒரே மைப்புட்டியில் இருந்து இரண்டு பேரும் இரண்டு உலகத்தை எடுத்தார்கள்.

திரைத்தூரிகைக்கு ஒரு வார்த்தை. கருவியால் நீங்கள் தாழ்ந்தவர் என்று யாரும் சொல்லவில்லை, தம்பி. என் வகுப்பில் நான் காண்பதைச் சொல்கிறேன். முதலில் டேப்லெட்டில் தொடங்கும் பிள்ளைகள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கண்ணிமையை முடிக்கிறார்கள். முழு உருவம் பக்கத்தில் எங்கே நிற்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. தாளில் தொடங்கியவர்கள் பின்னால் டேப்லெட்டுக்குப் போனாலும் இந்தப் பழக்கம் அவர்களிடம் குறைவு.

கரிக்கோல்

திரைத்தூரிகை, உங்கள் முதல் கருத்தை ஏற்கிறேன். டேப்லெட்டில் வரைவதும் கைவேலைதான். இனி 'மையில் வரைவது' என்றே எழுதுகிறேன். இடப் பிரச்சினையும் உண்மை. வசதியான மேசை ஒருவருக்கு வாய்ப்பதும் வாய்க்காததும் வாடகையைப் பொறுத்தது. அதில் கலைக்கொள்கை எதுவும் இல்லை.

திருத்தத்தில் மட்டும் உடன்பட மாட்டேன். நாயை இடப்பக்கம் நகர்த்துவது சில நிமிட வேலை என்றீர்கள். நாய் நகர்ந்ததும் பையனின் பார்வை வெற்றிடத்தில் விழும், நிழல் மாறவேண்டும், பக்கத்தின் எடை சாயும். எளிதில் நகர்த்தலாம் என்பதாலேயே கேட்கிறார்கள்; யோசித்துக் கேட்பதில்லை. நான் பென்சில் நிலையிலேயே எல்லாப் பக்கங்களையும் அனுப்பிவிடுவேன். அப்போது நாயை ஊர் முழுக்கச் சுற்றவிடலாம். ஒப்புதல் கிடைத்த பிறகே மை. மைக்குப் பின் மாற்றம் வேண்டுமென்றால் தனிக் கட்டணம் என்று வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் கொடுத்துவிடுவேன். இந்த வரியைச் சேர்த்த பிறகு கடைசி நாள் திருத்தங்கள் பெரும்பாலும் நின்றுவிட்டன. பென்சிலை அக்கறையோடு பார்க்கிறார்கள்.

பைண்டுத்தொகுப்பு, உங்கள் பாட்டி கம்பியை நிமிர்த்திய விதத்தைப் படித்துவிட்டு நெடுநேரம் வேலை ஓடவில்லை. மூலப் படம் திரும்பி வருமா என்றால், கேட்டு வாங்கினால்தான் வரும். ஒரு நிறுவனம் என் படங்களை ஒரு நூலுக்கென்று வாங்கி, பிறகு என்னைக் கேட்காமல் நாள்காட்டியிலும் நோட்டு அட்டையிலும் போட்டது. மூலத் தாள்களும் பல கடிதங்களுக்குப் பிறகே கிடைத்தன, ஓரங்கள் வெட்டுப்பட்டு. இங்கே சட்டம் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், இளையவர்களுக்குப் பயன்படும்.

சட்டப்பக்கம்

சுருக்கமாகச் சொல்கிறேன். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி படைத்தவரே முதல் உரிமையாளர். ஆனால் 17-ஆம் பிரிவில் விலக்குகள் உண்டு. பத்திரிகையில் ஊழியராக இருந்து வரைந்தால், இதழில் வெளியிடும் உரிமை நிறுவனத்துக்கு. ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து வரையவைத்த ஓவியத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவரே முதல் உரிமையாளர் ஆகிவிடுவார். படம் வரைகிறவர்கள் பலருக்குத் தெரியாத இடம் இது. ஆகவே 'பதிப்புரிமை ஓவியருக்கே, இந்த நூலின் இந்தப் பதிப்புக்கு மட்டும் அனுமதி' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்காமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

உரிமையை மாற்றிக் கொடுப்பதாக இருந்தால் 19-ஆம் பிரிவின்படி அது எழுத்தில், கையெழுத்தோடு இருக்கவேண்டும். எவ்வளவு காலம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எந்தப் பகுதி என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று கொள்ளப்படும்.

தாள் வேறு, பதிப்புரிமை வேறு. ஒன்றைக் கொடுத்தால் மற்றதையும் கொடுத்ததாகாது. இரண்டையும் தனித்தனியாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

உரிமையைக் கொடுத்துவிட்டாலும் 57-ஆம் பிரிவு உங்களைக் காக்கும். படைப்பைச் சிதைத்துப் படைத்தவரின் பெயருக்குக் களங்கம் ஏற்படுத்தினால் கேள்வி கேட்கலாம். டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை அகற்றிச் சேதப்படுத்தியதற்காக அமர்நாத் சேகல் அரசின்மேல் வழக்குத் தொடுத்தார். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சிற்பத்தின் மிச்சத்தை அவரிடமே கொடுத்து, ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடும் வழங்கச் சொன்னது.

முதலாண்டு

கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறேன். கரிக்கோல் அக்கா, மையில் வரைய ஆசை. ஆனால் கையில் பணம் குறைவு. அண்ணன்மார் எல்லாரும் டேப்லெட் வாங்கு, அதில்தான் வேலை கிடைக்கும் என்கிறார்கள். அப்பாவிடம் அவ்வளவு பணம் கேட்க மனம் வரவில்லை. எதிலிருந்து தொடங்குவது?

கரிக்கோல்

தம்பி, தொடங்குவதற்கு நூற்றுக்கணக்கில் போதும், ஆயிரக்கணக்கில் வேண்டாம். நிப்பைச் செருகிப் பிடிக்கும் கட்டை ஒன்று, வளையும் தன்மையுள்ள நிப்கள் சில, ஒரு புட்டி இந்தியன் இங்க், 2பி பென்சில், வழவழப்பான தாள். பயிற்சிக்கு நகல் எடுக்கும் கடைத் தாளே போதும். மை சற்றுப் பரவும், பரவட்டும். முடிவுப் படத்துக்கு மட்டும் நல்ல கார்ட்ரிட்ஜ் தாள் வாங்கு.

புது நிப்பில் துருப் பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். அப்படியே மையில் தோய்த்தால் மை மணி மணியாக உருண்டு நிப்பில் நிற்காது. சோப்பு நீரில் கழுவித் துடைத்துவிட்டுத் தோய்க்கவேண்டும். இந்தியன் இங்க்கில் விளக்குக் கரியோடு அரக்கும் கலந்திருக்கும். அதனால்தான் காய்ந்தபின் தண்ணீர் பட்டாலும் கலையாது. அதே காரணத்தால் நிப்பில் காய்ந்தால் பாறையாகிவிடும். வரைந்துகொண்டிருக்கும்போதே அவ்வப்போது ஈரத் துணியில் துடைத்துக்கொண்டே இரு. மைப்பேனாவுக்குள் அதை ஒருபோதும் ஊற்றாதே.

வண்ணத்துக்குப் பெரிய பெட்டி வேண்டாம். மஞ்சள், சிவப்பு, நீலம், ஒரு மண்நிறம் என்று நாலைந்து குழாய் போதும். மலிவான இருபத்துநான்கு நிறங்களைவிடத் தரமான நான்கு நல்லது. வாங்கியதும் ஒரு தாளில் எல்லா நிறங்களையும் பட்டையாகத் தீட்டி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி வெயில் வரும் சன்னலில் ஒட்டிவை. சில மாதம் கழித்து அட்டையை எடுத்தால் எந்த நிறம் ஓடிப்போகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பு வெளுக்கும் நிறங்களில் பேர்போனது. தூரிகையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நனைத்து உதறினால் முனை ஊசியாகக் கூடவேண்டும். கூடாத தூரிகை என்ன விலையானாலும் வேண்டாம்.

நம் ஊர்க் காற்றையும் கணக்கில் வைத்துக்கொள். சித்திரை வைகாசியில் வானத்தின் மேல்பகுதியைத் தீட்டி முடிப்பதற்குள் கீழ்ப்பகுதி காய்ந்து ஓரம் கட்டிவிடும். அப்போது விடியற்காலையில் வேலை செய். ஐப்பசி மழையில் ஒரு பூச்சு காய அரை நாள் ஆகும்; பொறுமையில்லாமல் மேலே அடுத்த பூச்சைப் போட்டால் இரண்டும் சேர்ந்து சேறாகும்.

டேப்லெட்டைப் பற்றி: பிறகு வாங்கிக்கொள்ளலாம், வாங்கவும் வேண்டும். ஆனால் கும்பகோணத்தில் இருக்கிறாய். பேருந்து நிலையத்தில் மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறவரையும், வெற்றிலைக் கடைக்காரரின் விரல்களையும், மகாமகக் குளப் படிக்கட்டில் துணி பிழிகிற தோள்களையும் இந்த வயதில் வரையாவிட்டால் வேறெப்போது வரைவாய்?

சிறுபதிப்பு

நானும் என் மனைவியும் சேர்ந்து சிறுவர் நூல் பதிப்பகம் நடத்துகிறோம். ஓவியருக்குக் கொடுப்பது குறைவு என்ற குறையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணக்கையும் பாருங்கள். முதலில் ஐந்நூறு பிரதி அச்சிடுகிறோம். வண்ண அச்சுக்கும் தாளுக்கும் கடைக்காரர் கழிவுக்கும் போக மிஞ்சுவதில் எழுத்தாளரும் ஓவியரும் நாங்களும் பங்கிடவேண்டும். நூலகக் கொள்முதல் வந்தால் மூச்சு விடுவோம்.

இப்போது செயற்கை நுண்ணறிவில் படம் எடுத்துத் தருகிறோம், முழு நூலுக்கும் சொற்பத் தொகை போதும் என்று ஆட்கள் வருகிறார்கள். ஐயனார் கோயில் மண்குதிரையைப் பற்றிய கதை ஒன்றுக்கு மாதிரி கேட்டுப் பார்த்தோம். வந்தது பளபளவென்று உயிருள்ள குதிரை, முதுகில் வெள்ளைக்காரச் சேணம். வேளார் வனைந்த குதிரையின் புடைத்த கண்ணும் கழுத்துச் சலங்கையும் குழாய்போன்ற காலும் எங்கே? மறுபடி மறுபடி விளக்கிச் சொன்னோம். ஒவ்வொரு முறையும் வேறொரு குதிரை வந்தது. நம் குதிரை வரவில்லை. கடைசியில் புதுக்கோட்டைப் பக்கம் போய்ப் பார்த்து வரைகிற ஓவியர் ஒருவரிடம் கொடுத்தோம். நூல் ஒரு பருவம் தள்ளிப்போனது. அந்தக் குதிரையைப் பார்த்த பிள்ளைகள் பள்ளி நிகழ்ச்சியில் களிமண்ணில் அதைச் செய்ய உட்கார்ந்துவிட்டார்கள்.

திரைத்தூரிகை

சிறுபதிப்பு ஐயா சொன்ன இடத்தில் நானும் கரிக்கோல் அக்காவும் ஒரே பக்கம். எனக்கு வந்துகொண்டிருந்த அட்டைப்பட வேலைகளில் சில அந்த இயந்திரத்துக்குப் போய்விட்டன. ஆனால் ஒரு கவலையைச் சொல்லவேண்டும். இயந்திரப் படங்கள் பெருகப் பெருக, திரையில் வரைந்த எதைப் பார்த்தாலும் "இதுவும் அதுதானா?" என்று கேட்கிறார்கள். பாதி வரைந்த கோப்புகளைக் காட்டி நிரூபிக்க வேண்டியிருக்கிறது. மையில் வரைகிறவருக்குத் தாள் சாட்சி சொல்கிறது. எங்களுக்கு யார் சொல்வார்கள்?

பழைய மாணவர் சொன்னது உறுத்தியது, ஐயா. நேற்றிரவு படத்தைப் பெரிதாக்காமலே ஒரு பக்கத்தை முடித்தேன். கடினமாக இருந்தது. படம் நன்றாகவே வந்தது. ஆனாலும் திருத்தத்தைப் பற்றி என் கருத்து மாறவில்லை. தனிக் கட்டணம் கேட்கிற பலம் பெயர் பெற்றவர்களுக்கு உண்டு. புதிதாக வந்தவர் கேட்டால் அடுத்த வேலை வேறொருவருக்குப் போய்விடும். இதற்கு ஓவியர்கள் சேர்ந்து ஒரு பொது ஒப்பந்தப் படிவம் வைத்துக்கொண்டால்தான் வழி பிறக்கும்.

கரிக்கோல்

பெயர் பெற்றவர்களுக்குத்தான் அந்தப் பலம் என்பது சரியான வாதம். படிவ யோசனையை வரவேற்கிறேன். சட்டப்பக்கம் ஐயா ஒத்துழைத்தால் நான் பயன்படுத்துகிற வரிகளை இங்கேயே பதிவிடுகிறேன். டேப்லெட்டில் வரைகிறவர்களுக்கான வரிகளை நீங்கள் சேருங்கள். கோப்பின் லேயர்கள் யாருக்குச் சொந்தம் என்பது எனக்குப் பழக்கமில்லாத கேள்வி.

சட்டப்பக்கம்

ஒத்துழைக்கிறேன். ஒரே பக்கத்துக்குள் இருக்கட்டும். நீளமான படிவத்தை யாரும் படிக்காமலே கையெழுத்திடுவார்கள்.

பைண்டுத்தொகுப்பு

இழை முடிவதற்குள் ஒரு உதவி. பாட்டியின் தொகுப்பில் பக்கங்கள் பழுப்பேறி, ஓரத்தில் பொடிகின்றன. சில பக்கங்களில் பழுப்புப் புள்ளிகள். லேமினேட் செய்துவிடலாம் என்கிறார் கடைக்காரர். செய்யலாமா?

அச்சுமை

செய்யாதீர்கள் அம்மா. லேமினேட் செய்தால் பிறகு பிரிக்கவே முடியாது, சூடும் பசையும் தாளை இன்னும் கெடுக்கும். செய்தித்தாள் காகிதத்தில் அமிலம் இருக்கிறது. பழுப்பேறுவதும் பொடிவதும் அதனால்தான். புள்ளிகள் பெரும்பாலும் ஈரத்தால் வருபவை. பீரோவின் அடித்தட்டில் வைக்காமல் காற்றோட்டமான மேல்தட்டில், சுவரைத் தொடாமல் வையுங்கள். பக்கங்களுக்கு நடுவே அமிலமில்லாத தாள் வைக்கலாம். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மழைக்காலத்தில் மாற்றிக்கொண்டே இருங்கள். பசையைத் தின்னும் பூச்சி வருகிறதா என்று மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். செலோடேப்பை எங்கும் ஒட்டாதீர்கள்.

ஸ்கேன் எடுக்க பைண்டை விரித்து அமுக்கினால் முதுகு உடைந்துவிடும். மேலிருந்து கேமராவால் எடுப்பதே நல்லது. இரண்டு பக்கமும் சம வெளிச்சம் இருக்கட்டும், ஃபிளாஷ் வேண்டாம். எடுத்த கோப்புகளைக் கறுப்பு வெள்ளையாக மாற்றாமல் அப்படியே வண்ணத்தில் சேமியுங்கள். மாதிரிக்கு ஒரு பக்கத்தை எடுத்து இங்கே போடுங்கள், வெளிச்சம் சரியா என்று பார்த்துச் சொல்கிறேன்.